பழங்குடியா, பூர்வகுடியா, ஆதிவாசியா: எந்தச் சொல்லை எங்கே எழுதுவது?

சில ஆண்டுகளுக்கு முன் கனடாவின் அரசியல் சட்டம் பற்றிய ஒரு கட்டுரையைத் தமிழாக்க வேண்டி வந்தது. 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின் 35ஆம் பிரிவு அதில் வருகிறது. ‘அபொரிஜினல்’ மக்கள், அதாவது அந்த மண்ணின் மூலக்குடி மக்கள், என்பதில் ‘இந்தியன்’, வடதுருவப் பகுதியின் ‘இனுயிட்’, செவ்வாற்றுப் பகுதியில் உருவான ‘மேட்டீ’ ஆகிய மூவரும் அடக்கம் என்கிறது அந்தப் பிரிவு. ‘அபொரிஜினல்’ என்பதற்குப் பழங்குடியினர் என்று எழுதினேன். ‘இந்தியன்’ என்று எழுதினால் நம்மூர் இந்தியர் என்று படித்துவிடுவார்களே என்று அதற்கும் பழங்குடியினர் என்றே எழுதினேன். முடித்துவிட்டுத் திரும்பப் படித்தால், ‘பழங்குடியினர் என்போர் பழங்குடியினர், இனுயிட், மேட்டீ ஆகியோர்’ என்று நிற்கிறது. ஒரு நாட்டின் உயர்ந்த சட்டம் கவனமாகப் பிரித்து வைத்த இரண்டு பொருளை ஒரே தமிழ்ச்சொல் விழுங்கிவிட்டது.

அன்றிலிருந்து இந்தச் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து எடைபோட்டுப் பார்த்து வருகிறேன். செய்தி எழுதுபவர், பாடம் நடத்துபவர், மொழிபெயர்ப்பவர் யாராக இருந்தாலும் இந்த இடத்தில் ஒரு முடிவு எடுத்தே ஆக வேண்டும். நான் எடுத்த முடிவுகளையும் அவற்றுக்கான காரணங்களையும் சொல்கிறேன். என் அளவுகோல் எளிமையானது. அந்தச் சொல் அந்த மக்களின் வயதை மட்டும் சொல்கிறதா, அவர்களுடைய நிலத்தையும் உரிமையையும் சேர்த்துச் சொல்கிறதா?

விட்டுவிட வேண்டியவை

முதலில் செவ்விந்தியர். 1492இல் கரீபியன் தீவுகளில் இறங்கிய கொலம்பஸ், ஆசியாவின் கரைக்கு வந்துவிட்டதாக நினைத்துச் சொன்ன பெயர் இந்தியர். அதன்மேல் தோலின் நிறத்தையும் பின்னால் ஏற்றினார்கள். தமிழ் இரண்டையும் சேர்த்து ஒரே சொல்லாக வார்த்துக்கொண்டது. செம்மொழி, செந்தமிழ், செந்தாமரை என்று ‘செம்’ நமக்கு நல்ல ஒலி தருவதால் இந்தச் சொல் நம் காதில் உறுத்துவதில்லை. ஆனால் ஆங்கிலத்தில் அந்த நிறப்பெயர் வசை. வாஷிங்டனின் அமெரிக்கக் கால்பந்து அணி பல பத்தாண்டு எதிர்ப்புக்குப் பிறகு 2020இல் அப்படிப்பட்ட பெயரைக் கைவிட்டது. நாம் இன்னும் சிறுவர் கதைகளில் செவ்விந்தியர் என்று எழுதிக்கொண்டிருக்கிறோம். இதை நிறுத்துவதில் எனக்குத் தயக்கமே இல்லை.

அடுத்தது எஸ்கிமோ. அது ‘பச்சை இறைச்சி தின்பவர்’ என்ற பொருளுடையது என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. பனிக்காலணி பின்னுவதைக் குறிக்கும் ஒரு சொல்லிலிருந்து வந்தது என்பதே இன்று மொழியியலாளர் பலரின் கருத்து. எப்படி வந்திருந்தாலும் அது வெளியார் வைத்த பெயர். அந்தப் பெயரோடு நடந்த ஒன்றைச் சொல்லாமல் இதைக் கடக்க எனக்கு மனம் வரவில்லை. 1940களிலிருந்து கனடா அரசு வடதுருவப் பகுதி மக்களுக்கு எண் பொறித்த சிறு வட்டில்லைகளைக் கொடுத்தது. கிழக்கே இருந்தால் ஓர் எழுத்து, மேற்கே இருந்தால் வேறோர் எழுத்து, அதன்பின் எண். அரசு ஆவணங்களில் ஒரு மனிதரை அடையாளம் காட்டியது அந்த எண்தான். அந்த மக்களுக்குப் பெயர் இல்லாமலா இருந்தது? பெயரை எழுத அதிகாரிகளுக்குத்தான் வரவில்லை. 1960களின் இறுதியில்தான் எண்களுக்குப் பதிலாகக் குடும்பப்பெயர் பதியும் திட்டம் வந்தது. எஸ்கிமோ என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த வட்டில்லை நினைவுக்கு வந்துவிடுகிறது. 1977இல் தொடங்கிய துருவப்பகுதி மக்களின் அமைப்பு இனுயிட் என்ற பெயரையே ஏற்றுக்கொண்டது. ஆனால் ஒரு கவனம் வேண்டும். அலாஸ்காவின் யூபிக் மக்கள் தங்களை இனுயிட் என்று சொல்லிக்கொள்வதில்லை. எஸ்கிமோ என்று இருக்கும் இடத்திலெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு இனுயிட் என்று மாற்றினால் புதுத் தவறு வந்து சேரும்.

காட்டுவாசி, மலைசாதி போன்றவற்றைப் பற்றி விரிவாகப் பேசத் தேவையில்லை. ‘மலைவாழ் மக்கள்’ மரியாதையான சொல்தான், ஆனால் உண்மைக்குப் பொருந்தாது. இருளர்களில் பெரும்பகுதியினர் சமவெளியில், வடதமிழகத்தின் கரையோர மாவட்டங்களில் வாழ்கிறார்கள்.

பழங்குடி

நம் கையில் உள்ள சொற்களில் மிகப் பழகியது இது. இந்திய அரசியலமைப்பின் 342ஆம் பிரிவின்கீழ் அறிவிக்கப்பட்ட சமூகங்களுக்குத் தமிழில் சட்டப்படியான பெயர் பட்டியல் பழங்குடியினர். சாதிச் சான்றிதழ், இடஒதுக்கீடு, 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் எல்லாம் இந்தப் பெயரை வைத்தே நடக்கின்றன. 2011 கணக்கெடுப்பில் இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோர், அதாவது மக்கள்தொகையில் 8.6 விழுக்காட்டினர், இந்தப் பெயரின்கீழ் வந்தார்கள். ஆகவே இந்தியச் சட்டம், கணக்கெடுப்பு, நலத்திட்டம் பற்றி எழுதும்போது வேறு சொல் தேடக் கூடாது. தேடினால் உரிமை கேட்டு வருபவரின் ஆவணத்துக்கும் நம் எழுத்துக்கும் ஒட்டு இல்லாமல் போகும்.

இந்தச் சொல்லின் பழைய வாழ்வு இன்னும் அழகானது. திருக்குறளின் குடிமை அதிகாரத்தில், 955ஆம் குறளில், ‘பழங்குடி பண்பில் தலைப்பிரிதல் இன்று’ என்று வருகிறது. கொடுக்கக் கையில் வளம் குறைந்துபோனாலும் தன் பண்பிலிருந்து விலகாத நல்ல குடும்பம் என்று அங்கே பொருள். பழமை அங்கே பெருமை. கல்தோன்றி மண்தோன்றாக் காலத்து மூத்தகுடி என்று நம்மைப் பற்றிச் சொல்லும்போதும் அதே பெருமைதான். அதே ‘பழம்’ காட்டிலோ மலையிலோ வாழும் இன்னொருவர்மேல் ஏறும்போது பின்தங்கியவர், காலத்தில் உறைந்தவர் என்ற நிழல் விழுந்துவிடுகிறது. நமக்கு மூத்தகுடி என்றால் மகுடம், அவருக்குப் பழங்குடி என்றால் இரக்கம் என்று ஆகிவிட்டது. குறை சொல்லில் இல்லை, சொல்கிற நம் பார்வையில் இருக்கிறது. ஆனாலும் எழுதும்போது அந்த நிழலும் கூடவே வருகிறது.

தைவானில் இதே சிக்கல் வந்திருக்கிறது. அங்குள்ள ஆஸ்திரோனேசிய மக்களை அரசு நெடுங்காலம் ‘மலைப்பகுதிச் சகோதரர்’ என்ற பொருளில் அழைத்தது. மக்கள் போராடி, 1994இல் அரசியல் சட்டத்தில் ‘மூலக் குடியிருப்போர்’ என்ற பொருள்தரும் பெயரைப் பெற்றார்கள். ‘முன்னால் குடியிருந்தோர்’ என்று பொருள்தரும் வேறொரு சொல்லும் கைவசம் இருந்தது. அது மறைந்துபோனவர்கள் என்ற எண்ணத்தைத் தரும் என்பதால் வேண்டாம் என்றார்கள். பழங்குடி என்ற சொல்லில் என்னை உறுத்துவதும் அதுதான்.

தொல்குடி என்று எழுதுவோரும் உண்டு. கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் தொல்லியல், தொல்லெச்சம், தொல்பொருள் என்று அந்த ‘தொல்’ போகும் இடமெல்லாம் மண்ணுக்கு அடியில் இருக்கிறது. இன்று உயிரோடு இருந்து நீதிமன்றத்தில் வழக்காடும் மக்களுக்கு இதை நான் எழுதுவதில்லை.

ஆதிவாசி

இந்தச் சொல்லை மட்டும் அகராதியைப் பார்த்து எடைபோட முடியாது. ‘ஆதி’யும் ‘வாசி’யும் வடமொழி. ஆனால் சொல் அவ்வளவு பழையதில்லை. கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில் இன்றைய ஜார்க்கண்டில் உள்ள சோட்டாநாக்பூர் வட்டாரத்தில், அங்குள்ள பழங்குடி மக்களின் அரசியல் எழுச்சியோடு வளர்ந்தது. 1938இல் ஆதிவாசி மகாசபை என்று தங்கள் அமைப்புக்குப் பெயர் வைத்தார்கள். அதற்குத் தலைமை தாங்கியவர் ஜெய்பால் சிங் முண்டா, 1928 ஒலிம்பிக்கில் இந்திய ஹாக்கி அணியின் தலைவராக இருந்தவர். 1948இல் அரசியல் நிர்ணய சபையில் அவர் ஒரு கேள்வி கேட்டார். மொழிபெயர்ப்புகளில் ஆதிவாசி என்ற சொல்லை ஏன் போடவில்லை, வனஜாதி என்று ஏன் போட்டீர்கள், எங்களில் பெரும்பாலோர் காட்டில் வாழ்வதில்லையே என்றார். மொழிபெயர்ப்பு செய்பவன் என்ற முறையில் அந்தக் கேள்வி என்னிடமே கேட்கப்பட்டதாக எடுத்துக்கொள்கிறேன். அரசியலமைப்பில் அவர் கேட்ட சொல் வரவில்லை.

வனவாசி என்பதும் அப்படித்தான். கேட்க ஆதிவாசிக்கு இணையான சொல் போலத் தோன்றும். ஆனால் ‘ஆதி’யை எடுத்துவிட்டு ‘வன’த்தை வைத்ததும், முதலில் இங்கே இருந்தவர் நாங்கள் என்ற கோரிக்கை போய், காட்டில் இருப்பவர் என்ற முகவரி மட்டும் மிஞ்சுகிறது. ஆதிவாசி அமைப்புகள் பல இதை ஏற்பதில்லை. நானும் எழுதுவதில்லை.

தமிழில் ஆதிவாசி என்ற சொல்லுக்குத் திரைப்படங்கள் செய்த கெடுதல் அதிகம். இலையைச் சுற்றிக்கொண்டு ஈட்டியோடு குதிக்கும் உருவத்தோடு அந்தச் சொல்லைக் கட்டிவிட்டார்கள். ஒருவரைத் திட்டுவதற்கும் அதைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் நீலகிரி மாவட்டம் கூடலூரில் பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் போன்றோர் சேர்ந்து 1980களில் அமைத்த சங்கத்தின் பெயர் ஆதிவாசி முன்னேற்றச் சங்கம். நிலத்துக்காகப் போராடிய மக்கள் தாங்களே எடுத்துக்கொண்ட பெயர் அது. திரைப்படம் கெடுத்தது என்பதற்காக அதை நாம் அவர்களிடமிருந்து பறிக்க முடியாது. அவர்கள் தங்களை அப்படிச் சொல்லும் இடத்தில் அப்படியே எழுதுகிறேன். இந்தியாவுக்கு வெளியே உள்ள யாரையும் ஆதிவாசி என்று எழுதுவதில்லை. இந்தியாவுக்குள்ளும் இது எல்லா இடத்துக்கும் பொதுவானதில்லை. வடகிழக்கு மாநிலங்களின் நாகர், மிசோ, காசி மக்கள் பொதுவாக இந்தப் பெயரில் தங்களை அழைப்பதில்லை. அசாமில் ஆதிவாசி என்றால், தேயிலைத் தோட்டங்களுக்கு நடு இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தோர் என்று பொருள்.

பூர்வகுடி

உலக அளவில் பேசும்போது, ‘இண்டிஜினஸ்’ என்ற சொல்லுக்கு நான் தேர்ந்தெடுத்தது இதுதான். காரணம் நம் பேச்சிலேயே இருக்கிறது. ‘உங்க பூர்வீகம் எது?’ என்று கேட்டால் யாரும் வயதைச் சொல்வதில்லை, ஊரைச் சொல்கிறார்கள். பூர்வீகச் சொத்து என்றால் வழிவழியாக வந்த, கேட்டுப் பெறக்கூடிய உரிமை. நிலமும் உரிமையும் இந்தச் சொல்லுக்குள் ஏற்கெனவே குடியிருக்கின்றன. மலேசியத் தமிழர்கள் ஓராங் அஸ்லி மக்களைப் பூர்வகுடியினர் என்று எழுதுவது வழக்கத்தில் இருக்கிறது. ‘ஓராங் அஸ்லி’ என்பதற்கும் ‘மூல மக்கள்’ என்றே பொருள். முன்பு அவர்கள்மேல் சுமத்தப்பட்டிருந்த ‘சக்காய்’ என்ற பெயருக்கு அடிமை என்ற பொருள் ஏறியிருந்தது.

இதற்கும் ஓர் ஆபத்து உண்டு. எந்த ஊரிலும் பெரும்பான்மையினர் ‘நாங்களே பூர்வகுடி, நீங்கள் வந்தேறி’ என்று சொல்ல இது வசதியாக இருக்கிறது. ஐக்கிய நாடுகள் அவை இந்த மக்களுக்கு இறுக்கமான ஒரு வரையறை கொடுக்காவிட்டாலும், அங்கே நடந்த விவாதங்களில் சில கூறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. படையெடுப்புக்கோ குடியேற்றத்துக்கோ முன்பிருந்தே தொடரும் சமூகம், தன்னைத் தானே அப்படி அடையாளம் காண்பது, அப்புறம் இன்று அந்த நாட்டில் ஆதிக்கம் செலுத்தும் நிலையில் இல்லாதது. மூன்றாவது கூறு மிகவும் முக்கியம். முதலில் வந்ததை மட்டும் வைத்து ஒரு சமூகத்தைப் பூர்வகுடி என்று நான் எழுதுவதில்லை.

இந்திய அரசின் நிலைப்பாடு இங்கே தனி. 2007இல் பூர்வகுடி மக்களின் உரிமைகள் பற்றிய ஐ.நா. பிரகடனத்துக்கு இந்தியா ஆதரவாக வாக்களித்தது. அதே நேரத்தில் இந்தியர் அனைவருமே பூர்வகுடிகள்தான் என்ற கருத்தையும் சொல்லி வருகிறது. ஆகவே இந்தியாவைப் பற்றி எழுதும்போது, அரசின் சொல் வேறு, அந்த மக்கள் கோரும் சொல் வேறு என்று ஒரு வரியாவது விளக்கம் தேவைப்படுகிறது.

‘பீப்பிள்’, ‘பீப்பிள்ஸ்’

ஐ.நா. 1993ஆம் ஆண்டை இந்த மக்களுக்கான ஆண்டாக அறிவித்தபோது ‘பீப்பிள்’ என்று ஒருமையில்தான் எழுதியது. 2007 பிரகடனத்தில் ‘பீப்பிள்ஸ்’ என்று ஆனது. ஓர் எழுத்துதானே என்று தோன்றலாம். ஒருமையில் அது வெறும் ஆட்களின் கூட்டம். பன்மையில், ஒவ்வொன்றும் தன்னாட்சி கேட்கும் தகுதியுள்ள தனித்தனி மக்களினம். பன்னாட்டுச் சட்டத்தில் தன்னுரிமை ‘பீப்பிள்ஸ்’ என்ற அந்தப் பன்மைக்கே உரியது. அதனால்தான் பல அரசுகள் அந்த எழுத்தை நெடுங்காலம் எதிர்த்தன. பிரகடனத்துக்கு 144 நாடுகள் ஆதரவாக வாக்களித்தபோது எதிர்த்து நின்றவை நான்கு: கனடா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து. நான்கும் பின்னர் தங்கள் நிலையை மாற்றிக்கொண்டன.

தைவானிலும் 1994இல் பெற்ற பெயரோடு, 1997இல் ‘இனம்’ என்ற பொருள்தரும் ஓரெழுத்தைச் சேர்க்க வைத்தார்கள். தமிழில் ‘மக்கள்’ என்ற சொல் ஏற்கெனவே பன்மையாக இருப்பதால் இந்த வேறுபாடு கரைந்துபோகிறது. ‘பூர்வகுடியினர்’ என்றாலும் ஆட்கள்தான் தெரிகிறார்கள். உரிமை, ஒப்பந்தம், தன்னாட்சி பற்றிய இடங்களில் ‘பூர்வகுடி மக்களினங்கள்’ என்று எழுதத் தொடங்கியிருக்கிறேன். கொஞ்சம் நீளம்தான். ஆனால் அந்த ஓர் எழுத்துக்காக எத்தனை ஆண்டு போராடியிருக்கிறார்கள் என்று நினைத்தால் நீளம் பெரிதாகத் தெரியவில்லை.

நாட்டுக்கு நாடு

கனடாவில் ‘ஃபர்ஸ்ட் நேஷன்ஸ்’ என்பதைத் தமிழில் முதற்குடிகள் என்று எழுதுவோர் உண்டு. எனக்கு அது போதவில்லை. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் கனடாவை நிறுவிய இரு தேசங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்த நாட்டில், ‘அதற்கு முன்பே நாங்கள் தேசங்களாக இருந்தோம்’ என்று பதில் சொல்ல எழுந்த பெயர் அது. 1970களிலும் 80களிலும் பரவியது. 1982இல் அவர்களுடைய தேசிய அமைப்பே தன் பெயரிலிருந்த ‘இந்தியன்’ என்பதை விட்டு இதை எடுத்துக்கொண்டது. ‘நேஷன்’ என்பதைக் ‘குடி’ என்று சுருக்கினால் அந்தப் பதிலின் உயிரே போய்விடும். ஆகவே முதல் தேசங்கள், முதல் தேசத்தவர் என்று எழுதுகிறேன். இதில் இனுயிட் மக்களும் மேட்டீ மக்களும் சேரமாட்டார்கள். மேட்டீ என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குக் கலப்பு என்று பொருள் இருந்தாலும், கலப்பினத்தவர் என்று தமிழாக்குவது தவறு. செவ்வாற்றுப் பகுதியில் தனி மொழியும் வாழ்முறையும் கொண்டு உருவாகி, லூயி ரியலின் தலைமையில் எழுந்து நின்ற ஒரு மக்களினம் அது. பெற்றோரில் ஒருவர் பூர்வகுடி என்பதால் மட்டும் ஒருவர் மேட்டீ ஆகிவிடுவதில்லை.

‘இந்தியன்’ என்ற சொல்லை என்ன செய்வது? கனடாவில் 1876இல் வந்த இந்தியர் சட்டம் திருத்தங்களோடு இன்றும் நடப்பில் இருக்கிறது. யார் பதிவுபெற்றவர், யார் இல்லை என்பதை அதுதான் முடிவு செய்கிறது. எனவே சட்டத்தைப் பேசும்போது மேற்கோள் குறிக்குள் ‘இந்தியர்’ என்று எழுதி, இது கனடாச் சட்டத்தின் சொல் என்று ஒருமுறை விளக்கிவிட்டால் போதும். அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே மூத்தோர் பலர் ‘அமெரிக்கன் இந்தியன்’ என்றே தங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள். அவர்களுடைய முன்னோர் அரசோடு செய்த ஒப்பந்தங்கள் அந்தப் பெயரில் இருக்கின்றன. 1944இல் அவர்களே அமைத்த தேசியப் பேரவையின் பெயரிலும் அது உண்டு. ஆனால் தமிழில் ‘அமெரிக்க இந்தியர்’ என்றால் சென்னையிலிருந்தோ ஐதராபாத்திலிருந்தோ போய்க் குடியேறியவர் என்றுதான் படிப்பார்கள். அதனால் பொதுவாக அமெரிக்கப் பூர்வகுடியினர் என்று எழுதுகிறேன்.

ஆஸ்திரேலியாவில் இரண்டு பெயரைச் சேர்த்தே சொல்ல வேண்டும்: அபொரிஜினல் மக்கள், டோரஸ் நீரிணைத் தீவினர். இரண்டாமவர் மெலனீசிய வழியினர், தனிப் பண்பாட்டினர். ‘அபொரிஜினி’ என்று பெயர்ச்சொல்லாக எழுதுவது அங்கே இழிவாகக் கருதப்படுகிறது. ‘அபொரிஜினல்’ என்பதை மக்கள் என்ற சொல்லோடு சேர்த்தே எழுதுங்கள்.

அவர்கள் வைத்துக்கொண்ட பெயர்

இவ்வளவும் பொதுப்பெயர்கள். இன்ன மக்கள் என்று தெரிந்துவிட்டால் இவற்றில் எதுவும் தேவையில்லை. இனுயிட், ஜப்பானின் ஐனு இரண்டுக்கும் மனிதர் என்றே பொருள். நீலகிரியின் தோடர்கள் தங்கள் மொழியில் தங்களை ‘ஓள்’ என்பார்கள், அதற்கும் அதே பொருள். நியூசிலாந்தின் மாவோரி என்றால் சாதாரணமானவர், இயல்பானவர். கப்பலில் வந்திறங்கியவர்கள் வேறு மாதிரி இருந்ததால், தங்களைச் சாதாரண மனிதர் என்று பிரித்துச் சொல்ல வேண்டி வந்தது. இந்த ஒரு செய்தி எனக்கு மிகவும் பிடிக்கும். வட ஐரோப்பாவின் சாமி மக்களை ‘லாப்’ என்பதும், வட அமெரிக்காவின் ஹோடனோசானி மக்களை ‘இரோக்குவா’ என்பதும் பிறர் வைத்தவை. ஹோடனோசானி என்றால் நீள்வீட்டு மக்கள்.

இலக்கணத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். இனுயிட் என்பதே பன்மை, ஒருவர் என்றால் இனுக். ‘இனுயிட்கள்’ என்று எழுதினால் பன்மைக்கு மேல் பன்மை. இலங்கையின் வேடர் தங்கள் மொழியில் தங்களை ‘வன்னியலெத்தோ’, அதாவது வனத்தில் வாழ்வோர், என்கிறார்கள். ஆனால் கிழக்குக் கரையில் தமிழ் பேசும் வேடர் தங்களை வேடர் என்றே சொல்கிறார்கள். அவர்களைப் பற்றி எழுதும்போது சிங்களப் பகுதியில் வழங்கும் பெயரைக் கொண்டுவந்து வைக்க வேண்டியதில்லை.

அந்தப் பழைய மொழிபெயர்ப்பை இப்போது இப்படித் திருத்தி வைத்திருக்கிறேன்: ‘கனடாவின் பூர்வகுடி மக்களினங்கள் என்பதில், சட்டம் “இந்தியர்” என்று குறிக்கும் முதல் தேசத்தவரும், இனுயிட் மக்களும், மேட்டீ மக்களும் அடங்குவர்.’ ‘குறிக்கும்’ என்ற சொல்லைச் சேர்க்கலாமா என்று அரைநாள் யோசித்தேன். மூலத்தில் அது இல்லை. ஆனால் அது இல்லாவிட்டால் அந்தப் பெயரை அவர்களுக்கு நானே வைத்தது போல ஆகிவிடும் என்று தோன்றியது, சேர்த்துவிட்டேன்.